கர்ப்பிணிகளின் சிறுநீரில் ட்ரைக்ளோசான் அளக்கிறார்கள், அந்த எண்ணை வைத்து நான் என்ன தெரிந்துகொள்ள முடியும்?

நிலாமுற்றம்:

எனக்கு இப்போது 14ஆவது வாரம், முதல் பிள்ளை. போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது ஓர் ஆய்வுக்குழுவைச் சேர்ந்த பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசினார். சோப்பு, பற்பசை, கை கழுவும் திரவம் இவற்றில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கிற ரசாயனங்கள் கர்ப்பிணிகளின் உடம்புக்குள் எவ்வளவு போகின்றன என்று அளக்கிறார்களாம். பிரசவத்துக்குள் மூன்று தடவை சிறுநீர் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் எதைத் தேய்த்துக் குளித்தேன், எதில் பல் துலக்கினேன் என்று படிவத்தில் எழுத வேண்டும், பிரசவத்தன்று தொப்புள்கொடியிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுக்கச் சம்மதம் தர வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குளியலறையில் இருந்ததையெல்லாம் எடுத்துப் பின்பக்கம் படித்தேன். சோப்பு உறையில் ட்ரைக்ளோகார்பான் என்று இருக்கிறது, பற்பசைப் பெட்டியில் ட்ரைக்ளோசான். இரண்டுமே அவர் கொடுத்த தாளில் இருக்கும் பெயர்கள். கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து எந்தக் கிருமியும் பிள்ளையிடம் போய்விடக் கூடாது என்றுதான் சாதாரண சோப்பை விட்டு இதற்கு மாறினேன், ஒரு நாளைக்கு இரண்டு குளியல் வேறு. நல்லது என்று நினைத்துச் செய்தது என்பதால் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உடம்புக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ரத்தம்தானே எடுக்க வேண்டும், சிறுநீரை ஏன் பார்க்கிறார்கள்? அதில் வருகிற எண் என் குழந்தைக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டுமா? அப்புறம், இந்த சோப்பையும் பற்பசையையும் இன்றைக்கே தூக்கிப் போட ஆசை, ஆனால் அப்படிச் செய்தால் அவர்களுடைய ஆய்வைக் கெடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்றும் தயக்கமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர், "எண்ணைப் பார்த்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடப்பாய், இதில் சேரவே வேண்டாம்" என்கிறார்.

உப்புக்கரைசல்:

இந்த மாதிரிப் பொருட்களைச் சிறுநீரில் அளக்கிற ஆய்வகத்தில்தான் பல வருடமாக வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கடைசிச் சந்தேகம். இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். எந்த ஒழுங்கான ஆய்வும் உங்களை ஒரு பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தச் சொல்லாது. மாற்றிய தேதியை மட்டும் படிவத்தில் உள்ளபடி எழுதுங்கள். முதல் மாதிரிக்கு முன்னாலேயே நீங்கள் சோப்பை மாற்றினீர்கள் என்பது அவர்களுக்கு நல்ல தகவல், கெட்டுப்போன தகவல் இல்லை. எழுதாமல் விட்டால்தான் கெடும்.

சரி, ஏன் சிறுநீர். ட்ரைக்ளோசான் உடம்பில் தங்கிச் சேருகிற பொருள் இல்லை. வாய்த்தோல் வழியாகவோ உடல்தோல் வழியாகவோ உள்ளே போனதும் கல்லீரல் அதைப் பிடித்து குளுக்குரோனைடு அல்லது சல்பேட் என்ற ஒரு துண்டை ஒட்டிவிடுகிறது, அது தண்ணீரில் நன்றாகக் கரையும், சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். தன்னார்வலர்களுக்கு 4 மில்லிகிராம் ட்ரைக்ளோசானைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு உண்டு. நான்கு நாட்களில் அதில் ஏறக்குறைய பாதி சிறுநீரில் வந்துவிட்டது, அரை ஆயுள், அதாவது இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 11 மணி. கணக்குப் போட்டால், இன்று காலை உள்ளே போனதில் நாளைக் காலை கால் பங்குகூட மிச்சம் இருக்காது. ரத்தத்தில் எந்த நேரம் பார்த்தாலும் கொஞ்சமாகத்தான் இருக்கும், அளப்பதும் சிரமம், மூன்று தடவை ஊசி குத்த வேண்டும். சிறுநீரிலோ அது சேர்ந்து அடர்த்தியாக வருகிறது, கொடுப்பவருக்கும் வலி இல்லை. அதனால்தான் பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறுநீரைப் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003–04இல் ஆறு வயதுக்கு மேற்பட்ட 2,517 பேரின் சிறுநீரைப் பார்த்தபோது நான்கில் மூன்று பேருக்கு ட்ரைக்ளோசான் இருந்தது.

நீங்கள் கொடுக்கிற பாட்டில் எங்களிடம் வந்ததும் என்ன நடக்கிறது என்றால், முதலில் அதில் ஒரு நொதியைச் சேர்த்துச் சூட்டில் வைப்போம். கல்லீரல் ஒட்டிவிட்ட அந்தத் துண்டை நொதி வெட்டி எடுத்துவிடும். கூடவே கனமான கார்பன் அணுக்களால் ஆன ட்ரைக்ளோசானைத் தெரிந்த அளவில் கலந்துவிடுவோம். வழியில் எவ்வளவு வீணானாலும் இரண்டும் ஒரே விகிதத்தில் வீணாகும் என்பதால் கடைசிக் கணக்கு தப்பாது. அப்புறம் பிரித்தெடுக்கும் குழாய் வழியாக, மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் போகும். எண் லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று வரும். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன அளவைப் பிடிக்கிற கருவி என்பதால்தான் எங்கள் வேலையில் பெரிய பயமே வேறு, வெளியிலிருந்து ஒட்டிக்கொள்வது. மாதிரியைத் தொட்டவர் கிருமிநாசினி சோப்பில் கை கழுவியிருந்தால் போதும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் உடம்பைத் தாண்டி வந்த ட்ரைக்ளோசானில் பெரும்பகுதி கல்லீரல் ஒட்டிய துண்டோடு வரும். பாட்டிலுக்குள் வெளியிலிருந்து விழுந்தது துண்டு ஒட்டாமல் வெறுமனே கிடக்கும். நொதி சேர்த்து ஒரு தடவை, சேர்க்காமல் ஒரு தடவை அளந்தால் இரண்டும் பிரிந்து தெரியும். கனடாவில் 2008 முதல் 2011 வரை பத்து நகரங்களில் சுமார் 2,000 கர்ப்பிணிகளைச் சேர்த்து நடத்திய மைரெக் ஆய்வில் இப்படி இரண்டு வடிவங்களையும் தனித்தனியாக அளந்தார்கள். துண்டு ஒட்டிய வடிவம் கிட்டத்தட்ட எல்லாப் பெண்களிடமும் இருந்தது.

இனி நீர்ப்பு. காலையில் இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் எண் பாதியாகும், குடிக்காமல் வந்தால் இரட்டிப்பாகும், உள்ளே போன அளவு ஒன்றுதான். இதைச் சரிசெய்யப் பொதுவாகக் கிரியாட்டினினால் (தசையிலிருந்து வந்து சிறுநீரில் போகிற ஒரு கழிவு) வகுப்பார்கள். ஆனால் கர்ப்பத்தில் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடுகிறது, கிரியாட்டினின் கணக்கும் மாதத்துக்கு மாதம் நகரும். அதனால் கர்ப்பிணிகள் ஆய்வுகளில் சிறுநீரின் ஒப்படர்த்தியை (தண்ணீரோடு ஒப்பிட்டால் எவ்வளவு அடர்த்தி என்பதை) வைத்துத் திருத்துவதையே நான் விரும்புவேன். உங்களிடம் தாள் இருக்கிறதே, எதை வைத்துத் திருத்துகிறார்கள் என்று பாருங்கள், ஆய்வு எவ்வளவு கவனமாக நடக்கிறது என்பது இதிலிருந்தே கொஞ்சம் தெரியும்.

ட்ரைக்ளோகார்பான் கதை வேறு. அதில் பெரும்பகுதி மலத்தில்தான் வெளியே போகிறது, சிறுநீரில் வருவது கொஞ்சம். ஆறு தன்னார்வலர்களை அந்த சோப்பில் குளிக்கச் சொல்லிப் பார்த்த ஆய்வில், உடம்பில் தேய்த்த ட்ரைக்ளோகார்பானில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தோல் வழியாக உள்ளே போனது. ஆக, உங்கள் சோப்பைவிடப் பற்பசைதான் எனக்கு முதலில் கண்ணில் படுகிறது, அது வாய்த்தோலில் படுகிறது, கொஞ்சம் விழுங்கவும் செய்கிறோம்.

குழந்தைக்கு எவ்வளவு போனது என்பதைச் சிறுநீர் எண் நேரடியாகச் சொல்லாது. அதற்காகத்தான் தொப்புள்கொடி ரத்தம் கேட்கிறார்கள்.

வெள்ளைத்தொப்பி:

தங்கச்சி, நான் பிரசவ வார்டில் செவிலியாக இருந்தவள், ஓர் ஆய்வுக்காக இரண்டு வருடம் இந்த மாதிரிகளை என் கையாலேயே வாங்கியிருக்கிறேன். தொப்புள்கொடி ரத்தம் என்றதும் எல்லா அம்மாக்களுக்கும் முகம் மாறிவிடும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தை பிறந்து, கொடியைக் கட்டி, வெட்டி, குழந்தையை உங்கள் மேல் வைத்த பிறகு, நஞ்சுக்கொடியோடு மிச்சம் இருக்கிற கொடித்துண்டிலிருந்துதான் எடுப்போம். குழந்தைக்கும் உங்களுக்கும் ஒரு துளி வலி இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ரத்தம் எடுக்க வேண்டும் என்பதற்காகக் கொடியை அவசரப்பட்டு வெட்டக் கூடாது என்று. நல்ல குழுக்கள் அப்படிச் செய்வதில்லை, இருந்தாலும் வாய் விட்டுச் சொல்வதில் தப்பில்லை.

மேலே உப்புக்கரைசல் சொன்ன ஒட்டிக்கொள்கிற விஷயத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாங்கள் மாதிரி வாங்கிய இடத்தில், கர்ப்பிணிகள் சிறுநீர் பிடிக்கப் போகிற கழிவறையிலேயே கிருமிநாசினி கை கழுவும் திரவம்தான் வைத்திருந்தார்கள். கழுவிவிட்டு அதே கையால் பாட்டிலின் மூடியைத் திறப்பார்கள். முதல் மாதம் முழுக்க இப்படியே போனது, யாருக்கும் தோன்றவில்லை. சுத்தத் தண்ணீரை மட்டும் அதே பாட்டிலில் ஊற்றி அதே கழிவறையில் திறந்து மூடி ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்த மாதத்து மாதிரிகள் அத்தனையும் தள்ளுபடி ஆனது. அந்தப் பெண்கள் நம்பிக் கொடுத்தது வீணாகப் போயிற்றே என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியது: துடைக்கத் தருகிற ஈரத்துணியில் என்ன இருக்கிறது? சிலவற்றில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற இன்னொரு கிருமிநாசினி இருக்கும். இவர்களின் பட்டியலில் அந்தப் பெயரும் இருந்தால் துடைக்கிற துணியே எண்ணைக் கெடுத்துவிடும். சாதாரண சோப்பு, தண்ணீர் போதுமா என்று கேளுங்கள். மூடியின் உள்பக்கத்தைத் தொடாதீர்கள்.

படிவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "என்ன சோப்பு" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் நிறத்தைச் சொல்வார்கள், "அந்தப் பச்சை சோப்பு" என்று. ஒரே கம்பெனி ஒரே பெயரில் நாலு வகை விற்கும், ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. உறையின் பின்பக்கத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். கடைசியாகப் பல் துலக்கியது எத்தனை மணிக்கு, சிறுநீர் பிடித்தது எத்தனை மணிக்கு, இரண்டையும் எழுதுங்கள், படிவத்தில் கட்டம் இல்லாவிட்டாலும் ஓரத்தில் எழுதுங்கள்.

இரண்டாம்_சுற்று:

நான் முதல் பிள்ளைக்கு இப்படி ஓர் ஆய்வில் இருந்தேன், இப்போது இரண்டாவது. உங்கள் வீட்டுக்காரர் சொல்வது நடக்காத விஷயம் இல்லை, எனக்கு நடந்தது. ஏழாவது மாதம் தபாலில் ஒரு கடிதம் வந்தது, அதில் என் ட்ரைக்ளோசான் எண், பக்கத்தில் "ஆய்வில் உள்ள பெண்களின் நடு எண்" (பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே), என்னுடையது அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். ஒரு வரி விளக்கம் கிடையாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அன்று நான் அழுத அழுகை இருக்கிறதே, அதை எழுதவே பிடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தைரியம் வந்து ஃபோன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாக, அன்று காலை எப்போது பல் துலக்கினீர்கள், எந்தப் பற்பசை என்று கேட்டார். நான் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் துலக்கியிருந்தேன். ராத்திரியும் அதே பற்பசை. "அது ஒரு நாளின் எண், உங்கள் கர்ப்பத்தின் எண் இல்லை" என்றார். பற்பசையை மாற்றினேன், வேறு எதையும் மாற்றவில்லை. அடுத்த மாதிரியில் நடு எண்ணுக்கும் கீழே வந்துவிட்டது. மகனுக்கு இப்போது நாலு வயது, நன்றாக இருக்கிறான். அதை வைத்து அந்த ரசாயனம் ஒன்றும் செய்யாது என்று சொல்ல வரவில்லை, ஒரு பிள்ளையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும்.

சேருங்கள், ஆனால் சம்மதத் தாளில் கையெழுத்துப் போடும் முன் முடிவை எப்படித் தருவார்கள், யார் விளக்குவார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு, மாதிரியைக் கொடுத்துவிட்டு எண்ணை மட்டும் வாங்காமல் இருக்கலாம்.

கூட்டுக்கணக்கு:

மேலே சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். நான் இந்த எண்களை வாங்கி, யாருக்கு எதனால் என்ன பாதிப்பு வருகிறது என்று நோய்ப்பரவியல் கணக்குப் போடுகிற பக்கத்தில் இருப்பவன்.

தாய்க்குப் போவது சேய்க்கும் போகிறதா என்பதற்கு நேரடியான பதில் நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த ஆய்வில் கிடைத்தது, 2014இல் வெளிவந்தது. 181 கர்ப்பிணிகளின் சிறுநீர், 33 தொப்புள்கொடி ரத்த மாதிரிகள். ட்ரைக்ளோசான் அத்தனை பெண்களிடமும் இருந்தது, ஒருவர்கூட விதிவிலக்கு இல்லை. தொப்புள்கொடி ரத்தத்தில் ஏறக்குறைய பாதி மாதிரிகளில் இருந்தது. ட்ரைக்ளோகார்பான் சம்பந்தப்பட்ட பொருட்கள் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரில் தென்பட்டன. ஆக, நஞ்சுக்கொடி இதைத் தடுத்து நிறுத்துகிற சுவர் இல்லை. அதே குழு பிறகு பிரசவ விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது ட்ரைக்ளோகார்பானுக்கும் குறைந்த கர்ப்ப கால அளவுக்கும் தொடர்பு இருப்பதாக 2017இல் எழுதினார்கள். சின்சினாட்டியில் நடந்த இன்னொரு ஆய்வில் தாயின் ட்ரைக்ளோசான் பத்து மடங்கு கூடும்போது கர்ப்ப காலம் சுமார் 0.3 வாரம் குறைந்தது, பிறப்பு எடையும் சற்றுக் குறைந்தது. டென்மார்க்கின் ஒடென்சே ஆய்வில் ஆண் குழந்தைகளின் தலைச் சுற்றளவு சற்றுக் குறைவாக இருந்தது. வேறு ஆய்வுகளில் இப்படி எதுவும் தென்படவில்லை. பத்து மடங்குக்கு 0.3 வாரம் என்றால் சுமார் இரண்டு நாள். உங்கள் ஒரு குழந்தையைப் பொறுத்தவரை அது ஒன்றுமே இல்லாமல் போகலாம். லட்சக்கணக்கான கர்ப்பங்களில் எல்லோருக்கும் இரண்டு நாள் குறைந்தால், ஏற்கெனவே விளிம்பில் இருக்கிற குழந்தைகள் குறைப்பிரசவத்துக்குள் விழுவார்கள். இந்த அளவீட்டின் அர்த்தம் அங்கேதான் இருக்கிறது, அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏன் சந்தேகப்படுகிறார்கள் என்றால், ட்ரைக்ளோசானின் அமைப்பு தைராய்டு ஹார்மோனைக் கொஞ்சம் ஒத்திருக்கிறது, எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் ரத்தத்தில் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் குறைந்தது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கருவின் தைராய்டு இன்னும் ஹார்மோன் சுரக்கத் தொடங்கியிருக்காது, தாயுடையதையே நம்பி இருக்கிறது. எலிகளுக்குக் கொடுத்த அளவு நமக்குப் போகிற அளவைவிட மிக மிக அதிகம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று கேட்பீர்கள். ஜெர்மனியின் மனித உயிரியல் கண்காணிப்புக் குழு 2015இல், பெரியவர்களுக்குச் சிறுநீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரை உடல்நலக் கவலை இல்லை என்று வரையறுத்தது. மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கெடுப்பில் வந்த பெருக்கல் சராசரி (ஒரு சிலரின் மிகப் பெரிய எண்களால் அதிகம் இழுபடாத சராசரி) லிட்டருக்கு 13 மைக்ரோகிராம்தான், அதாவது அந்த வரம்பில் இருநூறில் ஒரு பங்குக்கும் கீழே. இதில் ஒரு எச்சரிக்கை, அந்த வரம்பு பொதுவாகப் பெரியவர்களுக்குப் போட்டது, கருவில் இருக்கும் குழந்தையை வைத்துப் போட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் "நடு எண்ணைப்போல் நாலு மடங்கு" என்று கேட்கும்போது வருகிற பயத்துக்கு இது ஒரு அளவுகோல்.

இப்போது என் மாற்றுக் கருத்து. ஒரு மாதிரியின் எண்ணைத் தனி ஆளுக்குக் கடிதமாக அனுப்பவே கூடாது என்பது என் எண்ணம். 11 மணி நேர அரை ஆயுள் உள்ள பொருளில் ஒரு மாதிரி என்பது ஒரு நாளின் நிழல். ஆயிரம் பெண்களைச் சேர்த்துப் பார்க்கும்போது இந்த ஏற்ற இறக்கங்கள் சமப்படும், தனியாக ஒருவருக்குச் சமப்படாது. இரண்டாம்_சுற்று அழுதது தேவையே இல்லாத அழுகை.

உப்புக்கரைசல்:

கூட்டுக்கணக்கு, உங்கள் கணக்கு சரி, முடிவு சரி என்று எனக்குத் தோன்றவில்லை. அது அவருடைய சிறுநீர், அவருடைய எண். நாங்கள் வைத்துக்கொண்டு அவரிடம் மறைப்பது எப்படி நியாயம்? அந்தக் கடிதம் வந்ததால்தான் அவர் பற்பசையை மாற்றினார், எண் இறங்கியது. தவறு எண்ணைக் கொடுத்ததில் இல்லை, ஒரு வரி விளக்கம் இல்லாமல் கொடுத்ததில் இருக்கிறது. மூன்று மாதிரியும் வந்த பிறகு, மூன்றையும் பக்கத்தில் வைத்து, ஃபோனிலோ நேரிலோ ஒருவர் உட்கார்ந்து சொன்னால் போதும்.

மாற்றினால் இறங்கும் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. கலிபோர்னியாவின் சலினாஸில் 100 பதின்வயதுப் பெண்களுக்கு, இந்த ரசாயனங்கள் சேர்க்காதவை என்று உறையில் போட்ட பொருட்களைக் கொடுத்து மூன்றே நாள் பயன்படுத்தச் சொன்னார்கள். சிறுநீரில் ட்ரைக்ளோசான் 36 சதவீதம் குறைந்தது. இன்னும் அதிகமாகக் குறைந்திருக்க வேண்டும் என்றுதான் அரை ஆயுள் கணக்கு சொல்கிறது. மாற்றாமல் விட்ட பொருட்கள், வெளியில் கை கழுவிய சோப்பு என்று வேறு வழிகளிலும் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

கூட்டுக்கணக்கு:

மூன்றையும் சேர்த்து, விளக்கத்தோடு என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஒற்றை எண்ணைத் தபாலில் அனுப்புவதைத்தான் எதிர்க்கிறேன்.

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன், அவருக்கும் படித்துக் காட்டினேன். சேர்வது என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டாம்_சுற்று, உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் அவர் சரி என்றார். நாளை ஆய்வுக்குழுவுக்கு ஃபோன் செய்து துடைக்கும் துணி, ஒப்படர்த்தி, முடிவை யார் விளக்குவார்கள், மூன்றையும் கேட்கப் போகிறேன். செவிலி அக்கா, கொடியை அவசரமாக வெட்டக் கூடாது என்பதையும் குறித்துக்கொண்டேன்.

பற்பசையும் சோப்பும் போய்விட்டன. ஆனால் மாற்று வாங்கப் போன இடத்தில் இன்னொரு குழப்பம். "ட்ரைக்ளோசான் இல்லை" என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கிற கை கழுவும் திரவத்தின் பின்பக்கம் பென்சால்கோனியம் குளோரைடு என்று இருக்கிறது. அது பரவாயில்லையா? சாதாரண சோப்பு மட்டும் போதும் என்றால் கிருமி விஷயத்தில் நான் அசட்டையாக இருக்கிறேனோ என்று ஒரு உறுத்தல்.

உப்புக்கரைசல்:

அசட்டை இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016 செப்டம்பரில் ட்ரைக்ளோசான், ட்ரைக்ளோகார்பான் உட்பட 19 பொருட்களை வீட்டுக் கை சோப்புகளிலும் குளியல் சோப்புகளிலும் விற்கக் கூடாது என்று விதி போட்டது. நீண்டகாலம் தினமும் பயன்படுத்தினால் பாதுகாப்பானது என்பதையும், சாதாரண சோப்பையும் தண்ணீரையும் விட நோயைத் தடுப்பதில் மேலானது என்பதையும் தயாரிப்பாளர்கள் நிரூபித்துக் காட்டவில்லை என்பதுதான் காரணம். சோப்பு கிருமியைக் கொல்ல வேண்டியதில்லை, தோலிலிருந்து கழற்றித் தண்ணீரோடு அனுப்பினால் போதும். பற்பசைக்கு அந்த விதி பொருந்தாது, ஈறு வீக்கத்தைக் குறைக்கும் என்ற ஆதாரம் ட்ரைக்ளோசான் பற்பசைக்கு இருந்தது. ஈறில் ரத்தம் வருகிறதென்று பல் மருத்துவர் சொல்லித்தான் அதை வாங்கினீர்கள் என்றால் அவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், கர்ப்பத்தில் ஈறு வீங்குவது சகஜம்.

பென்சால்கோனியம் குளோரைடு, பென்சத்தோனியம் குளோரைடு, குளோரோசைலெனால் இந்த மூன்றின் மேல் அன்று முடிவெடுக்காமல், கூடுதல் தரவு தர அவகாசம் கொடுத்துத் தள்ளிவைத்தார்கள். ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைப்பது எங்கள் துறையில் அடிக்கடி பார்க்கிறதுதான். பென்சால்கோனியம் வகைப் பொருட்களை ரத்தத்திலும் பார்த்திருக்கிறார்கள், 43 பேரைச் சோதித்த ஓர் ஆய்வில் 80 சதவீதம் பேருக்கு இருந்தது. கர்ப்பிணிகளிடம் ட்ரைக்ளோசானுக்கு நடந்த அளவுக்கு இவற்றுக்கு அளவீடு நடக்கவில்லை. வீட்டில் யாருக்கும் நோய் இல்லை, காயம் இல்லை என்றால் அந்தத் திரவத்தை வாங்காதீர்கள்.

வெள்ளைத்தொப்பி:

தங்கச்சி, கையை இருபது விநாடி நுரை வரத் தேய், நகக்கண்ணையும் விரல் இடுக்கையும் விடாதே. இருபத்தைந்து வருடம் பிரசவம் பார்த்த கை இது, வீட்டில் சாதாரண சோப்புதான்.

அப்புறம் பழைய சோப்பு உறையையும் பற்பசைப் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதே. முதல் மாதிரி கொடுக்கப் போகும்போது கையோடு எடுத்துக்கொண்டு போ, எந்தத் தேதி வரை பயன்படுத்தினாய் என்று பெட்டி மேலேயே எழுதி வை.